சகுரா டிராப்பில் எடுக்கப்பட்ட பலகை: டோக்கியோ மவுண்டன் பைக் பந்தயத்தில் நடந்தது என்ன

2021 ஜூலை 26, ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் இருக்கும் இசு. ஒலிம்பிக் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஏறியும் இறங்கியும் ஒரே பாதையைப் பல சுற்று ஓட்டும் மவுண்டன் பைக் பந்தயத்தின் முதல் சுற்றே இன்னும் முடியவில்லை. முன்னணிக் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டர் பூல், 'சகுரா டிராப்' என்று பெயர் வைத்த பாறை இறக்கத்தின் விளிம்புக்கு வருகிறார். அவருக்கு முன்னால் போனவர்கள் விளிம்பில் வண்டியை எம்பவிட்டு, காற்றில் ஒரு நொடி பறந்து, கீழே இறங்கி ஓட்டிக்கொண்டே போய்விட்டார்கள். இவர் எம்பவில்லை. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் நேராகக் கீழே தொங்கியது, வண்டி குப்புறக் கவிழ்ந்தது, மனிதர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோய் இடுப்பும் முதுகும் அடிபட விழுந்தார். எழுந்து மறுபடி ஏறி ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. பந்தயத்தின் பாதியைத் தாண்டிய பிறகு விலகிக்கொண்டார். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை'.

அப்புறம் அவர் சொன்ன காரணம்தான் ஊர் முழுக்கப் பேச்சானது. பயிற்சியின்போது அந்த இறக்கத்தில் ஒரு மரப்பலகைச் சாய்தளம் இருந்தது, பந்தயத்திலும் அது இருக்கும் என்று நினைத்தேன், எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார். மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் ஓட்டியதைப் பார்த்தாலே அது புரியும். அப்போது கிளம்பிய கேலிக்குக் கணக்கே இல்லை. 'ஒலிம்பிக்குக்கு வந்தவருக்குப் பாதை தெரியாதா' என்று ஒரு பக்கம், 'இப்படியா ஒரு அமைப்பாளர் பலகையைப் பிடுங்குவது' என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பாதி சரி என்பது என் எண்ணம். இந்த ஒரு விழுகையை வைத்துக்கொண்டு மவுண்டன் பைக் பந்தய விதிகள் எதைக் காப்பாற்றுகின்றன, எதை வீரரின் தலையிலேயே விட்டுவிடுகின்றன என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த நாளின் மற்ற விவரங்கள். தங்கம் வாங்கியது பிரிட்டனின் டாம் பிட்காக், நேரம் 1 மணி 25 நிமிடம் 14 நொடி. 20 நொடி பின்னால் சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் ஃப்ளூகிகர், 34 நொடி பின்னால் ஸ்பெயினின் டேவிட் வலேரோ. பிட்காக் அப்போது 22 வயதைக்கூடத் தொடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் பயிற்சியில் கார் மோதி தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. தரவரிசைப் புள்ளிகள் குறைவு என்பதால் நான்காவது வரிசையிலிருந்து கிளம்பினார். வான் டர் பூலும் சாதாரண ஆள் இல்லை. அதே கோடையில் டூர் டி பிரான்ஸ் ரோடு பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை ஆறு நாள் போட்டிருந்தவர், ஒலிம்பிக்குக்குத் தயாராக வேண்டும் என்பதற்காகவே அந்தப் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அதாவது, கவனக்குறைவாக வந்து சேர்ந்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

அந்த இறக்கமும் அந்தப் பலகையும்

இசுவின் பாதை ஒரு சுற்றுக்கு 4.1 கிலோமீட்டர். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ ஒலிம்பிக் வகைக் கிராஸ் கன்ட்ரிக்கு வைத்திருக்கும் அளவில் இது குட்டையான பாதைதான், ஆனால் மூச்சு வாங்க இடம் கொடுக்காத பாதை. மேலே ஏறு, பாறையில் இறங்கு, திரும்ப ஏறு என்று அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஜப்பானை நினைவூட்டும் பெயர் வேறு. வசாபி என்று ஒன்று, சாப்ஸ்டிக்ஸ் என்று ஒன்று, அமாகி கணவாய் என்று ஒன்று. சகுரா டிராப் பெரிய பாறைகளை அடுக்கிச் செய்த ஒரு திடீர் இறக்கம். விளிம்புவரை வந்தால் அதற்கு அப்பால் தரை இல்லை, கீழேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் பலகை போட்டால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த விழுகை புரியும். பலகை இருக்கும்போது அது ஒரு செங்குத்தான சரிவு, அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கை அளவாகப் பிடித்து உருட்டிக்கொண்டே இறங்கலாம், முன் சக்கரத்துக்கு அடியில் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும். பலகை இல்லாதபோது அதே மெதுவான வேகம்தான் எமன். முன் சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் தொங்க ஆரம்பிக்கும், பின் சக்கரம் இன்னும் மேலேயே இருக்கும், மெதுவாகப் போனால் இந்த இடைவெளி நீளும், அதற்குள் வண்டி மூக்கு குத்திவிடும். அதனால் பலகை இல்லாத இறக்கத்தில் வேகம் கூடுதலாக வர வேண்டும், விளிம்பில் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி முன் சக்கரத்தை உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். வேகம், உடம்பின் இடம், கை செய்யும் வேலை என எல்லாமே மாறுகின்றன. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைப்பவருக்கு நடப்பதுதான் அவருக்கு நடந்தது, திறமை எவ்வளவு இருந்தாலும் அந்த அரை நொடியில் திருத்த முடியாது.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். அவர் தடுமாறவில்லை, பயப்படவில்லை, நிதானமாக, பலகையில் உருட்டி இறங்கும் ஆள் எப்படி வருவாரோ அப்படியே வருகிறார். எனக்கு அவர் சொன்னதை நம்ப வைத்தது இதுதான். தெரிந்தே எம்பாமல் அப்படி வர யாருக்கும் மனம் வராது.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது

யூசிஐயின் மவுண்டன் பைக் விதிகள் தனிப் பகுதியாகவே இருக்கின்றன, வருடா வருடம் திருத்துகிறார்கள், அதனால் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அந்த வருடத்துப் பதிப்பைப் படிப்பதே நல்லது. நமக்கு இங்கே வேண்டியது அடிப்படைகள்.

பாதையைப் பற்றிய முதல் நிபந்தனை, எந்த வானிலையிலும் முழுப் பாதையும் வண்டியில் உட்கார்ந்தே ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. சீக்கிரம் கெட்டுப்போகக்கூடிய இடங்களுக்குப் பக்கத்திலேயே மாற்றுப் பாதை தயாராக இருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை நீளமாக இருந்தால் இடையிடையே முந்திப்போக இடம் விட வேண்டும். தார் ரோடு மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மரப்பாலம், மரச் சாய்தளம் எதுவானாலும் மேற்பரப்பில் வழுக்காத ஏற்பாடு கட்டாயம், கம்பி வலையோ விரிப்போ வழுக்காத பெயின்டோ ஏதாவது ஒன்று. மழை பெய்த மறுநாள் காலையில் ஈரப் பலகையில் ஒரு தடவை டயர் வைத்தவருக்கு இந்த விதி ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அம்புக்குறிகள். இதைப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. நேராகக் காட்டும் அம்பு வழி காட்டுகிறது, பெருக்கல் குறி அது தப்பான வழி என்கிறது. கீழ்நோக்கிய இரண்டு அம்பு இருந்தால் முன்னால் ஆபத்து இருக்கிறது. மூன்று இருந்தால் பெரிய ஆபத்து. சகுரா டிராப் மாதிரி ஒரு இடத்துக்கு முன்னால் நிற்கும் எச்சரிக்கைக் குறிகள் இந்த வகைதான். ஆனால் அம்புக்குறி 'இங்கே ஆபத்து' என்று மட்டும்தான் சொல்லும், 'நேற்று இருந்தது இன்று இல்லை' என்று சொல்லாது. குறியீட்டு மொழியில் அதற்கு வார்த்தையே கிடையாது.

அதைச் சொல்வதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய பந்தயங்களில் தொழில்நுட்பப் பிரதிநிதி ஒருவர் இருப்பார், பாதையை முன்கூட்டியே பார்த்துச் சம்மதம் சொல்வது அவர் வேலை. பந்தய நடுவர்களை 'கமிஸேர்' என்பார்கள், அவர்களின் தலைவருக்குப் பாதையில் மாற்றம் செய்யும் அதிகாரம் உண்டு. பந்தயத்துக்கு முன் அணி மேலாளர்கள் கூட்டம் நடக்கும். அங்கே சொல்லப்படுவதை மேலாளர் கேட்டுக்கொண்டுபோய்த் தன் வீரருக்குச் சொல்ல வேண்டும். வீரருக்கு அதிகாரப்பூர்வப் பயிற்சி நேரம் ஒதுக்கப்படும், பாதையைத் தெரிந்துகொள்வது அவர் பொறுப்பு. இவ்வளவுதான் சங்கிலி. கண்ணிகள் மூன்று, அமைப்பாளர், மேலாளர், வீரர்.

இந்தச் சங்கிலியில் எது அறுந்தது? கேலி செய்தவர்கள் மூன்றாவது கண்ணியைப் பிடித்துக்கொண்டார்கள். 38 பேர் கிளம்பிய பந்தயத்தில் ஒருவர் மட்டும் இப்படி விழுந்தால் தப்பு அவருடையது என்ற கணக்கு. விதிப்படி பார்த்தால் அது சரியான கணக்குதான், பாதையை அறிந்து ஓட்டுவது வீரரின் கடமை, இதில் பேச்சுக்கே இடமில்லை. பாதையைச் சோதித்த அதிகாரிகளைத் தண்டிக்கவோ முடிவை மாற்றவோ எந்த அடிப்படையும் இல்லை.

ஆனால் எனக்கு அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. பயிற்சி எதற்கு? பந்தயத்தில் வரப்போகும் தரையை உடம்புக்குப் பழக்கப்படுத்துவதற்கு. ஒரு ஆள் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த வேகத்தில் வர வேண்டும், எந்தக் கல்லில் பிரேக்கை விட வேண்டும் என்று கைக்கும் காலுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்ட பிறகு, அதற்கு எதிரான ஒரு வாக்கியத்தை அறைக்குள் வைத்துச் சொன்னால் உடம்பு எதைக் கேட்கும்? இதயத்துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது, இரண்டு பக்கமும் தோள் உரசிக்கொண்டு ஆட்கள் வரும்போது, காதால் கேட்டது நினைவுக்கு வராது, டயர் அறிந்ததுதான் வரும். பலகை பயிற்சிக்கு உதவியாக வைக்கப்பட்டது என்பது புரிகிறது. வேகம் கூட்டிக் குதிப்பதற்கு முன் இறக்கத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள அது ஒரு நல்ல ஏற்பாடே. கேள்வி, அதை எப்போது எடுப்பது என்பதில்தான். கடைசி அதிகாரப்பூர்வப் பயிற்சி பந்தயப் பாதையிலேயே, அதாவது ஒரு கல்லோ பலகையோ மாறாமல், நடக்க வேண்டும் என்று ஒற்றை வரி கண்டிப்பாக இருந்தால் இந்த மொத்த விவாதமும் எழுந்திருக்காது. அப்படி ஒரு வரி இருந்திருந்தால் வான் டர் பூல் முதல் தடவை பலகை இல்லாமல் விளிம்புக்கு வருவது மெதுவான பயிற்சி வேகத்தில் இருந்திருக்கும், நின்று பார்த்திருப்பார், சிரித்துக்கொண்டே திரும்பி வந்து குதித்திருப்பார்.

'சொன்னோமே' என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு 'கழற்றியிருக்கிறோம்' என்று காலையில் கூட்டத்தில் சொன்னால் போதும் என்று எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார், அந்த இடத்திலேயே அட்டை தொங்க வேண்டும்.

மறுநாள்

ஜூலை 27 பெண்கள் பந்தயம். மழை பெய்து பாதை ஈரமாகிவிட்டது. முதல் சுற்றில் முன்னால் இருந்த பிரான்ஸின் பொலின் ஃபெரான்-பிரெவோ பாறையில் சறுக்க, சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் தாண்டிப் போனவர் அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சினா ஃப்ரை வெள்ளி, லிண்டா இண்டர்கண்ட் வெண்கலம், மூன்றுமே சுவிஸ். அதே பாறை, வேறு வானிலை, வேறு ஒரு பந்தயம். 'எந்த வானிலையிலும் ஓட்டக்கூடியதாக' என்ற விதி எவ்வளவு கடினமான விதி என்பதற்கு இந்த இரண்டு நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். நெஃப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் அமெரிக்காவில் பயிற்சியில் விழுந்து மண்ணீரல் கிழிந்து, விலா எலும்பு உடைந்து, நுரையீரல் பாதி சுருங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். அது பந்தயமே இல்லை, பயிற்சி. பந்தயத்தில் பாதையோரம் நின்று கண்காணிக்கும் மார்ஷல் இருப்பார், விசில் இருக்கும், டாக்டரும் ஆம்புலன்சும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. காட்டுப் பாதையில் தனியாக ஓட்டும்போது இதில் ஒன்றும் கிடையாது. பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பந்தய நாளைப் பற்றியே பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

வான் டர் பூலுக்கு அந்த விழுகை ஒரு நாளோடு முடியவில்லை. அந்த வருடமே தொந்தரவு செய்துகொண்டிருந்த முதுகு இன்னும் மோசமானது. செப்டம்பரில் திரும்பி வந்து, அக்டோபரில் சேறும் மழையுமாக நடந்த பாரிஸ்-ரூபே ரோடு பந்தயத்தில் மூன்றாவது வந்தார், ஆனால் அதற்கு அடுத்த குளிர்காலத்தில், சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்கிளோகிராஸ் பந்தயப் பருவத்தை முதுகு வலியால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில்தான் ஒழுங்காகத் திரும்பினார். ஒரு பலகை, எட்டு மாதம்.

உயிரே போன சம்பவங்களும் உண்டு. 2014 ஆகஸ்டில் பிரான்ஸின் மெரிபெலில் உலகக்கோப்பை எலிமினேட்டர் (கிராஸ் கன்ட்ரியின் குறுகிய, வெளியேற்றும் வகை) தகுதிச் சுற்றில் நெதர்லாந்தின் அன்னஃப்ளூர் கால்வன்ஹார் விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 20. கிராஸ் கன்ட்ரி என்றால், இறக்கத்தில் மட்டும் ஓட்டும் டவுன்ஹில் அளவுக்கு ஆபத்து இல்லை என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தலை, தொப்பி, மண்டைக்குள் அடி

ஹெல்மெட் எல்லா வகைப் பந்தயத்திலும் கட்டாயம், பயிற்சியிலும் கட்டாயம். டவுன்ஹில்லில் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், திறந்த முகத்தோடு கிளம்பவே விட மாட்டார்கள். கிராஸ் கன்ட்ரியில் சாதாரணத் திறந்த ஹெல்மெட் போதும், ஏனென்றால் ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் ஏறி இறங்கி மூச்சு வாங்கும் ஆள் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டினால் வெப்பத்தில் சுருண்டுவிடுவார். ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இது. பாதைகள் வருடா வருடம் கடினமாகிக்கொண்டே போகின்றன, ஹெல்மெட் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது என்பது எனக்கு நெடுநாளைய உறுத்தல். டவுன்ஹில்லுக்கு முதுகு, தோள், முட்டி, முழங்கை காப்புகளை யூசிஐ பலமாகச் சிபாரிசு செய்கிறது, கட்டாயமாக்கவில்லை. உடம்போடு ஒட்டிய வழுக்கு உடையை மட்டும் அங்கே தடை செய்திருக்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலாங்கூர் குன்றில், பிரான்ஸின் லோனா லெகோம்ட் பாறைகள் நிறைந்த பகுதியில் தலைகுப்புற விழுந்து மூளை அதிர்ச்சிக்கு உள்ளானார். அந்தப் பந்தயத்தில் தங்கம் அவர் நாட்டுக்காரரே ஆன ஃபெரான்-பிரெவோவுக்கு. தலையில் அடிபட்டவரை மறுபடி வண்டியில் ஏற விடலாமா என்பது பழைய நாட்களில் வீரரின் பிடிவாதத்தைப் பொறுத்திருந்தது. 2021 தொடக்கத்திலிருந்து யூசிஐக்கு மூளை அதிர்ச்சி நடைமுறை ஒன்று உண்டு, சந்தேகம் வந்தால் விலக வேண்டும், ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, அறிகுறிகள் எல்லாம் போய்க் குறைந்தது ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி போட்டி. இளையவர்களுக்கு அந்த இடைவெளி இன்னும் நீளம். மோதிக்கொண்டவர் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்வதை நம்பக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. அப்படிச் சொல்லாத வீரரை நான் பார்த்ததில்லை.

ஓட்டத்தைப் பாதிக்கும் மற்ற விதிகள்

பாதுகாப்பு விதி மாதிரித் தெரியாமல் பாதுகாப்பு வேலை செய்கிற விதிகள் சில இருக்கின்றன. 80 சதவீத விதி அப்படி ஒன்று. முன்னணி வீரரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கியவரை அந்தச் சுற்றின் முடிவில் நிறுத்தி வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்க்கக் கொடூரம், முதல் தடவை ஓட்ட வந்து பாதியில் கழற்றிவிடப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் குறுகலான 4 கிலோமீட்டர் பாதையில், இறக்கத்தில் முழு வேகத்தில் வரும் முதலாமவரும் களைத்துத் தள்ளாடும் கடைசி ஆளும் ஒரே பாறையில் ஒன்றாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேறு வழி கிடையாது.

வண்டி பழுதானால் உதவி தொழில்நுட்ப மண்டலத்தில் மட்டும்தான். வழியில் சொந்தமாகச் சரிசெய்துகொள்ளலாம், மண்டலத்தில் சக்கரம் மாற்றலாம், ஆனால் வண்டியையே மாற்றக் கூடாது. கிளம்பியபோது ஹேண்டில்பாரில் இருந்த அதே எண் பலகையோடுதான் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். பிட்காக்குக்குப் பாரிஸில் இதுதான் சோதனை. நடுப் பந்தயத்தில் முன் டயர் போச்சு, மண்டலம் வரை தத்தளித்து வந்து சக்கரம் மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அரை நிமிடத்துக்கும் மேல் போயிருந்தது. அங்கிருந்து துரத்திக் கடைசிச் சுற்றில் விக்டர் கோரெட்ஸ்கியைப் பிடித்துத் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆலன் ஹாதர்லி மூன்றாவது. காதில் ரேடியோ வைத்துக்கொண்டு மேலாளரோடு பேசுவது மவுண்டன் பைக்கில் தடை, அதனால் எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்பதே கரையில் நிற்கும் ஆட்கள் கத்திச் சொன்னால்தான் தெரியும். ரோடு பந்தயத்தில் பழகி வருகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

கிளம்பும் வரிசை இன்னொன்று. முதல் சில நூறு மீட்டரில் 38 பேரும் ஒரே நேரத்தில் குறுகலுக்குள் புக வேண்டும், பின்னால் நிற்பவர் விழுந்தவர்களின் மேல்தான் ஏறிப்போக வேண்டியிருக்கும். அதனால் தரவரிசைப்படி நிற்க வைப்பார்கள். 2023-ல் ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸ்ஸில் உலகப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்பு, ரோட்டில் பெரிய பெயர் வைத்திருந்து மவுண்டன் பைக் புள்ளிகள் குறைவாக இருந்த வான் டர் பூல், பிட்காக், சகான் போன்றவர்களைப் பின்வரிசையிலிருந்து முன்னே நகர்த்தும்படி விதியைத் திருத்தினார்கள். வருடம் முழுக்க ஓட்டிப் புள்ளி சேர்த்தவர்கள் கொதித்தார்கள், நியாயமான கொதிப்பு. பந்தயத்துக்கு நெருக்கத்தில் விதியை மாற்றுவதும் பந்தயத்துக்கு நெருக்கத்தில் பலகையை எடுப்பதும் ஒரே குணம்தான் என்பேன். அன்று வான் டர் பூல் முதல் சுற்றிலேயே ஒரு வளைவில் விழுந்து வெளியேறினார், எந்த இறக்கமும் இல்லை, பாறையும் இல்லை, வெறும் சரளை. உலகப் பட்டம் பிட்காக்குக்கே.

நம் பக்கத்துப் பந்தயங்களுக்கு

ஒலிம்பிக் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பொன்முடியில்தான் நடந்தது, தென்காசியிலிருந்து கிளம்பினால் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கேயும் இதே யூசிஐ விதிப்புத்தகம்தான். சிறிய உள்ளூர்ப் பந்தயங்களில் நிலைமை வேறு. தொழில்நுட்பப் பிரதிநிதி இருக்க மாட்டார், மேலாளர் கூட்டம் என்பது காலை ஆறு மணிக்கு ஒருவர் மைக் பிடித்துப் பேசும் பத்து நிமிடம், அதில் பாதி ஸ்பான்சருக்கு நன்றி. மூன்று கண்ணியும் நீங்கள்தான்.

வண்டிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் சில்லறையானவை. ஹேண்டில்பார் முனையில் மூடி இல்லாமல் திறந்த குழாயாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அது விழும்போது வயிற்றில் குத்தும் வட்டக் கத்தி. இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். ஆணி வைத்த டயர் கிடையாது. வளைந்த ரோடு ஹேண்டில்பார் கிடையாது. ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்த்திக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கிளம்பும் கோட்டில் நிற்கிறவர்களில் பலருக்கு அது கழுத்தில் மாலை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாதையை நடந்து பாருங்கள், ஓட்டிப் பார்ப்பது அதற்கு அப்புறம். நடக்கும்போது தற்காலிகமாகத் தெரியும் எதையும், அதாவது பலகை, மணல் மூட்டை, கயிறு, புதிதாகக் கொட்டிய மண், இவற்றில் ஒவ்வொன்றையும் காட்டி 'நாளைக்கு இது இருக்குமா' என்று அமைப்பாளரிடம் நேராகவே கேளுங்கள். 'இருக்கும்னு நினைக்கிறேன்' என்று பதில் வந்தால் அது பதில் இல்லை, பாதை பொறுப்பாளர் யார் என்று கேட்டு அவரைப் பிடியுங்கள். எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், முந்தின நாள் மாலையே பத்து நிமிடம் எடுத்து வைக்கச் சொல்லி அந்த இறக்கத்தை ஒரு தடவையாவது பலகை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பந்தயத்தின் முதல் சுற்றில் அந்த இடத்தில் மாற்றுப் பாதையை எடுங்கள், இரண்டு மூன்று இடம் பின்னால் போகும், போகட்டும், போகிற போக்கில் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இரண்டாவது சுற்றில் குதித்துக்கொள்ளலாம்.